ஒரே அமாவாசையில் தர்ப்பணமும் தம்ம வந்தனமும்: மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை

இந்த முறை நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தம்பி வேலுவின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக, போன ஆடி அமாவாசையன்று மாமல்லபுரம் பக்கம் போயிருந்தேன். அவன் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. கல்பாக்கத்தில் டெக்னீஷியன். நாற்பத்து மூன்று வயதில் மாரடைப்பு. அஸ்தி இத்தனை மாதமும் அவன் மனைவி அமுதாவின் அலமாரியில் இருந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வேலு இறப்பதற்கு ஆறு வருடம் முன்பு பௌத்தம் ஏற்றவன். அமுதாவும் கூடவே ஏற்றாள். எங்கள் ஊர் செய்யூருக்குத் தெற்கே ஒரு சின்ன கிராமம். எங்கள் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் சொந்த நிலம் கிடையாது, பிறர் வயலில்தான் உழைத்தார்கள். ஊர்த் தேர் எங்கள் தெருமுனை வரை வந்து திரும்பிவிடும். எனக்கு அது பழகிப்போனது, வேலுவுக்குப் பழகவில்லை. "வராத சாமிக்கு நான் ஏன் காத்திருக்கணும்?" என்று ஒருநாள் கேட்டான், அவ்வளவுதான். அவன் இறந்தபோது அவன் விருப்பப்படி மந்திரமில்லாமல் தகனம் நடந்தது. அம்மாவால் அதை ஏற்க முடியவில்லை. அஸ்தியையாவது ஐயரை வைத்து முறையாகக் கரைக்க வேண்டும் என்றார். அமுதா தர மறுத்தாள். மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நடுவில் நான், திருச்சியிலிருந்து தொலைபேசியில் இருவருக்கும் மாறி மாறிச் சமாதானம் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனேன்.

களைத்தவன் என்ன செய்வான்? பொய் சொல்வான். ஆடி அமாவாசையன்று பிற்பகல் புதுப்பட்டினத்தில் வேலுவின் நினைவாக அமுதா பௌத்த முறையில் வந்தனம், அதாவது வழிபாடு, வைத்திருந்தாள். "அமுதா காலையில அஸ்தியோட கடற்கரைக்கு வந்துடுவா" என்று அம்மாவிடம் சொன்னேன். "அம்மா சும்மா வந்தனத்துல உட்கார்ந்துட்டுப் போகத்தான் வராங்க, அஸ்தியைக் கேக்க மாட்டாங்க" என்று அமுதாவிடம் சொன்னேன். நேரில் போனால் எப்படியாவது சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம்.

திருச்சியிலிருந்து இரவு ரயில். செங்கல்பட்டில் இறங்கியபோது காலை 4.50. படுக்கை கிடைத்தும் தூக்கம் வரவில்லை. நிலையத்துக்கு வெளியே ஒரு டீ பதினைந்து ரூபாய். பேருந்து நிலையம் நடக்கிற தூரம்தான். மாமல்லபுரம் பேருந்து 5.30க்குப் புறப்பட்டது, கட்டணம் இருபத்தைந்து ரூபாய். திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் முப்பது கிலோமீட்டர். சாதாரண நாளில் ஒரு மணி நேரம் போதும். அமாவாசை என்பதால் ஏறும்போதே நிற்க இடமில்லை. எல்லோர் கையிலும் ஒரு பை, அதில் வாழைக்காய், எள், மாற்றுத்துணி. திருக்கழுக்குன்றத்தில் மலையின் மேல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து ரசிக்கிற நிலையில் நான் இல்லை. என் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்.

ரயிலில் தூக்கம் வராததால் இரண்டு மதங்களைப் பற்றியும் போனில் படித்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கும் அமுதாவுக்கும் இடையில் எங்காவது ஒரு ஒற்றையடிப் பாதை கிடைக்காதா என்று தேடினேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பக்கத்து வீடுகள்தான். செய்த வினை தொடரும், பிறவி திரும்பத் திரும்ப வரும், அந்தச் சுழலிலிருந்து விடுபடுவதே முடிவான இலக்கு என்று இரண்டும் சொல்கின்றன. ஒன்று அதை மோட்சம் என்கிறது, மற்றது நிப்பானம் என்கிறது.

உள்ளே போனால்தான் சுவர் தெரிகிறது. இந்து மரபில் பெரும்பாலானவை அழியாத ஆன்மா ஒன்று உண்டு என்கின்றன. உடம்பு சட்டை மாதிரி, கழற்றிவிட்டு அடுத்ததைப் போட்டுக்கொள்ளும். பௌத்தமோ அப்படி நிலையான ஒன்று கிடையாது என்கிறது. எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிற ஓட்டம். அங்கே வேதம், தெய்வம், பூசை, விரதம், இறந்தவருக்குத் திதி. இங்கே உலகைப் படைத்த கடவுள் என்ற பேச்சே கிடையாது. துன்பம் உண்டு, அதற்குக் காரணம் ஆசை, அது தீரும், தீர்க்க எட்டு அங்கமுள்ள வழி ஒன்று உண்டு. ஒழுக்கம், தியானம், தானம். பிறப்பால் மேல் கீழ் என்பது இங்கே செல்லாது. என் தம்பியை இழுத்தது இந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். நிப்பானம் வரை அவன் யோசித்திருப்பான் என்று தோன்றவில்லை.

மாமல்லபுரத்துக்குள் பேருந்தை விடவில்லை. பூஞ்சேரி கூட்டுரோட்டிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் நடை. நான் பேருந்து நிலையம் போய்ச் சேர்ந்தபோது மணி 7.10. அம்மா செய்யூரிலிருந்து முதல் பேருந்தில் தனியாக வந்து, ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தொன்று. மடியில் ஒரு புது மஞ்சள் துணிப்பை. அஸ்திக் கலயத்தை வைப்பதற்கென்று வாங்கியது.

"இன்னாடா இவ்ளோ நேரம்? அமுதா எங்க?"

"வாம்மா, முதல்ல கடலுக்குப் போவோம்" என்றேன். அங்கே சொல்லத் தைரியம் வரவில்லை.

வழியில் தலசயனப் பெருமாள் கோயிலில் வரிசை தெருவரை நின்றது. பெருமாள் இங்கே பாம்புப் படுக்கை இல்லாமல் தரையிலேயே படுத்திருப்பவர். அம்மா கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "புத்தரும் பெருமாளோட அவதாரந்தானாம். டிவில சொன்னாங்க. அப்றம் இன்னாத்துக்கு இவனுக்கு அந்த வீம்பு?" என்றார். வேலு உயிரோடு இருந்தபோதும் இதைச் சொல்லி அவனிடம் திட்டு வாங்கியிருக்கிறார். புத்தரை விஷ்ணுவின் அவதாரமாக ஏற்க மாட்டேன் என்பது அவன் மதம் மாறும்போது எடுத்த உறுதிமொழிகளில் ஒன்று. பலருக்கு இது ஒரு சமரசம் போலத் தெரியும். அவனுக்கோ, வீட்டை விட்டு வெளியே வந்தவனை மறுபடி கைப்பிடித்து இழுத்துக் கொல்லையில் உட்கார வைப்பதுபோல இருந்தது.

கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்து மணலில் கூட்டம் கூட்டமாகத் தர்ப்பணம் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஐயரைச் சுற்றி முப்பது, நாற்பது பேர். ஆளுக்கு முந்நூறு ரூபாய். தர்ப்பை, எள், வாழை இலை எல்லாம் அதில் அடக்கம். அம்மா மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மணி ஆனது. வெயில் ஏறிவிட்டது.

"போன் போடுடா அவளுக்கு. எங்க வந்துகினு கீறான்னு கேளு."

அதற்கு மேல் தள்ள முடியவில்லை. "அவ வரமாட்டாம்மா. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

அம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மஞ்சள் பையை நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார்.

"நீயுமாடா?" என்றார். பிறகு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் போய் அடுத்த வரிசையில் உட்கார்ந்தேன். ஐயருக்கு ஐம்பது வயதிருக்கும். விடியலிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. "கோத்திரம் தெரியாதவா சிவகோத்திரம்னு சொல்லிக்கோங்கோ. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பேரைச் சொல்லுங்கோ" என்றார். எனக்குக் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாது. எழுதி வைக்கிற குடும்பமில்லை எங்களுடையது. அவரிடம் மெதுவாகச் சொன்னேன். "தெரியலேன்னா பரவாயில்லை, மனசால நினைச்சுக்கோங்கோ" என்றார். எல்லாம் முடிகிற நேரத்தில், பிள்ளை இல்லாமல் போன தம்பிக்கும் விடலாமா என்று கேட்டேன்.

"தாராளமா. பேரைச் சொல்லி விடுங்கோ."

"அவன் மதம் மாறிட்டான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பின்னால் அடுத்த வரிசைக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "தண்ணி விடறது நீங்கதானே?" என்று சொல்லிவிட்டுச் செம்பை நகர்த்தி வைத்தார்.

எள்ளும் தண்ணீருமாகக் கட்டைவிரல் பக்கமாக மூன்று முறை விட்டேன். வேலு பார்த்திருந்தால் சிரித்திருப்பான், அல்லது கோபப்பட்டிருப்பான். எனக்கு எதுவும் தோன்றவில்லை. கால் மரத்துப்போயிருந்தது, அது மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்தபோது அம்மா எழுந்து நின்றிருந்தார். "கெளம்பு. நானே போயி அவளாண்ட கேக்குறேன்."

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாஸ்தா முடித்தோம். நான்கு இட்லி, ஒரு வடை, இரண்டு காபி, நூற்றுப் பத்து ரூபாய். அம்மா காபி மட்டும் குடித்தார். வந்தனம் மூன்று மணிக்குத்தான் என்பதால் கோயில் மண்டபத்தின் நிழலில் நான்கு மணி நேரம் கிடந்தோம். அந்த நான்கு மணி நேரத்தில் அம்மா என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை, தண்ணீர் கேட்டபோது.

இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். புதுப்பட்டினம் வரை பதினைந்து கிலோமீட்டர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேரே தெற்கே. ஐந்நூறு கேட்டார். நானூற்றைம்பதுக்கு வந்தார்.

"இன்னிக்கு இன்னா கூட்டம் அண்ணாத்த! காலைலேர்ந்து ஒரே பேஜாரு" என்று ஓட்டுநரே பேச்சை ஆரம்பித்தார். "தர்ப்பணம் முடிச்சாச்சா?"

"ஆச்சு. இப்போ புத்த வந்தனத்துக்குப் போறோம்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ரெண்டுமா? ஒரே நாள்லயா?"

"அமாவாசை அவங்களுக்கும் விசேஷ நாள்தான். உபோசதம்னு விரதம் இருப்பாங்க."

"அது சரி. நமக்கு ஒண்ணையே ஒழுங்கா பண்ண முடியல" என்றார். அம்மாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்ததுபோல இருந்தது. உடனே அடக்கிக்கொண்டார்.

வந்தனம் நடக்கிற இடம் விகாரை ஒன்றும் இல்லை. ஒரு வீட்டின் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட கூடம். கல்பாக்கத்தில் வேலை பார்க்கிற சில குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஒரு வெள்ளைப் புத்தர் சிலை, மெழுகுவத்திகள், ஊதுவத்தி, பூ. பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சிலைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வேலுவின் படம். அதன் முன்னால் வெள்ளைத் துணியால் வாய்கட்டிய கலயம்.

அமுதா எழுந்து வந்தாள். வெள்ளைப் புடவை, கழுத்தில் ஒன்றுமில்லை. முன்பைவிட மெலிந்திருந்தாள்.

"வாங்க அத்தே. உள்ள வாங்க."

அம்மா செருப்பைக் கழற்றினார். ஆனால் உள்ளே வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் இங்கயே நிக்கிறேன்."

பிக்குவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். துறவுக்கு முன்பு செங்கல்பட்டில் கூரியர் கொடுத்துக்கொண்டிருந்தாராம். மூன்று சரணம் சொன்னார், நாங்கள் திருப்பிச் சொன்னோம். புத்தம், தம்மம், சங்கம். அடுத்து ஐந்து சீலம். ஒவ்வொன்றையும் பாலியில் சொல்லிவிட்டுத் தமிழிலும் சொன்னார். உயிரைக் கொல்ல மாட்டேன், கொடுக்காததை எடுக்க மாட்டேன், தகாத உறவு கொள்ள மாட்டேன். நான்காவது, பொய் பேச மாட்டேன். என் வாய் நின்றுவிட்டது. இது யாரோ ஒரு சாமி போட்ட கட்டளை இல்லை, நானே எனக்கு எடுத்துக்கொள்ளும் பயிற்சி என்று அவர் முதலிலேயே விளக்கியிருந்தார். காலையில் கடற்கரையில் எனக்குப் பதிலாக ஐயர் எல்லாவற்றையும் சொன்னார், நான் தண்ணீர் விட்டால் போதும். இங்கே சொல்ல வேண்டியவன் நான். ஐந்தாவது சீலத்துக்கு, போதைப் பொருள் தொட மாட்டேன் என்பதற்கு, மறுபடி சேர்ந்துகொண்டேன்.

வந்தனம் முடிந்து ஐந்து நிமிடம் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்தோம். அப்போது வாசலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

பிக்கு கண்ணைத் திறந்தார். "சாமின்னு கூப்பிட வேணாம்மா. கேளுங்க."

"என் புள்ள இப்போ எங்க கீறான்?"

"தெரியாதும்மா" என்றார் அவர். "ஒரு விளக்குலேர்ந்து இன்னொரு விளக்கை ஏத்துறோம். அதே நெருப்பான்னா அதே நெருப்பு இல்ல. வேறயான்னா வேறயும் இல்ல. அவர் செஞ்சது தொடரும். ஆனா அவர்னு ஒண்ணு தனியா எங்கேயோ உக்காந்துகினு இருக்குன்னு நாங்க சொல்றதில்ல."

"அப்போ இல்லவே இல்லன்றியா?" அம்மாவின் குரல் உடைந்தது. "காலைல அந்த ஐயரு தண்ணி வுடச் சொன்னாரு. எங்கியோ கீறான், வாங்கிக்குவான்னு ஒரு நம்பிக்க இருந்துச்சு. அதுவும் இல்லன்றியா? நான் பெத்தது வெறும் நெருப்பா?" அமுதாவின் பக்கம் திரும்பினார். "உனுக்கு இது எப்டிடி போதுது?"

அமுதா கலயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"போதல அத்தே."

கலயத்தின் துணி முடிச்சைச் சரிசெய்தபடி மேலே சொன்னாள்.

"ஒவ்வொரு அமாவாசைக்கும் குவார்ட்டர்ஸ் பால்கனியில காக்காவுக்குச் சோறு வெக்கிறேன். இன்னிக்குக் காலையிலகூட வெச்சேன். இவங்க யாருக்கும் தெரியாது. அவரு இருந்திருந்தா திட்டுவாரு. ஆனா வெக்காம இருக்க முடியல."

வந்தனத்துக்கு வந்திருந்த பெண்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிக்கு தலையைக் குனிந்துகொண்டார். திட்டவில்லை, திருத்தவும் இல்லை. அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அம்மா வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்.

"காக்கா வந்துச்சா?"

"வந்துச்சு. மூணு வந்துச்சு."

"இன்னா சோறு வெச்ச?"

"வெறும் சோறும் பருப்பும்."

"அவனுக்குக் கருவாட்டுக் கொழம்புதான் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு, அம்மா அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இருவரும் அழுதார்கள். பதினான்கு மாதமாக அவரவர் வீட்டில் தனித்தனியாக அழுதவர்கள்.

கடைசியாக ஒரு சடங்கு இருந்தது. செய்த நல்வினையின் பயனை இறந்தவரோடு பகிர்ந்துகொள்வது. ஒரு தட்டில் கிண்ணம் வைத்து, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். கிண்ணம் நிரம்பி வழியும் வரை பிக்கு பாலியில் ஓதுகிறார். அமுதா செம்பை எடுத்தாள். அம்மாவும் அதைப் பிடித்தார். அமுதா கையை எடுக்கவில்லை. இரண்டு பேருமாக ஊற்றினார்கள். அர்த்தம் வேறு வேறுதான், எனக்குத் தெரியும். அங்கே தண்ணீர் முன்னோரின் தாகத்துக்கு. இங்கே அது ஒரு அடையாளம், வழிவது புண்ணியம். அந்த நேரத்தில் அம்மாவிடம் போய் இதை யார் விளக்குவது?

"வாங்க அத்தே, கடலுக்குப் போவோம்" என்று அமுதாவே கலயத்தை எடுத்தாள். சதுரங்கப்பட்டினம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். டச்சுக் கோட்டையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனோம். மணி 5.20. படகுகள் கரையில் ஏறிக் கிடந்தன. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கலயத்தைப் பார்த்ததும் தாங்களாகவே விலகி இடம் கொடுத்தார்கள். அலை பலமாக இருந்ததால், வயதான அம்மாவை உள்ளே இறக்க வேண்டாம் என்று ஒருவர் எச்சரித்தார். அதனால் முழங்கால் தண்ணீரிலேயே நின்றோம்.

அமுதா துணியை அவிழ்த்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நான் ஒரு தபா சாமி பேரு சொல்லிக்கட்டுமா? அவன் கோச்சிக்குவானா?"

"சொல்லுங்க அத்தே."

அமுதா கலயத்தைக் கவிழ்த்தாள். சாம்பல் ஒரு அலையிலேயே போய்விட்டது. நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம். அம்மா வாயைத் திறந்தார். எங்கள் குலதெய்வத்தின் பெயரை எதிர்பார்த்தேன்.

"வேலு" என்றார். அவ்வளவுதான்.

ஆறரை மணிக்குப் புதுப்பட்டினம் நிறுத்தத்தில் செய்யூர் பக்கம் போகிற பேருந்து வந்தது. அம்மா ஏறவில்லை. "நாலு நாளு இவகூட இருந்துட்டு வரேன். இவ ஒழுங்கா சாப்புடறதில்ல" என்றார். என் பொய்யைப் பற்றி இன்றுவரை அவர் எதுவும் கேட்கவில்லை. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் தனியாகச் செங்கல்பட்டு வந்து திருச்சிக்கு ரயில் ஏறினேன்.

இதே மாதிரி போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆடி அமாவாசையன்று மாமல்லபுரத்தில் காலை ஆறு மணிக்குள் இருங்கள். வயதானவர்களைப் பூஞ்சேரியிலிருந்து நடக்க வைக்காதீர்கள், முந்தைய நாளே போய்த் தங்கிவிடுங்கள். மாற்றுத்துணியும் தண்ணீரும் கட்டாயம். இரண்டு சடங்கை ஒரே நாளில் வைக்காதீர்கள், உடம்பு தாங்காது. வீட்டில் இரண்டு நம்பிக்கை இருந்தால் நடுவில் நின்று ஆளுக்கொரு பொய் சொல்லாதீர்கள். அவர்களை ஒரே பாயில் உட்கார வையுங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. ஆன்மா உண்டா இல்லையா என்று படித்துப் பார்த்தும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உங்களுக்கு எப்படிச் செய்யணும்? அதைச் சொல்லி வைங்க" என்றாள். குளித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். குளித்துவிட்டு வந்து தூங்கிவிட்டேன். ஆயிற்று மூன்று வாரம். அவள் மறுபடி கேட்கவில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.